மணியின் மறுமுனையில்: வட சிலாங்கூர்த் தோட்டங்களும் அவசர அழைப்பின் வரலாறும்

திருவாரூரில் மனுநீதிச் சோழன் தன் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி ஒன்றைக் கட்டி வைத்திருந்தான் என்ற கதையைத் தமிழ்ப் பள்ளியில் பயின்ற எவரும் மறந்திரார். கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னன் தன் மகனையே தேர்க்காலில் இட்டான். நீதியின் கடுமையைக் காட்டவே இக்கதையை ஆசிரியர்கள் நமக்குச் சொன்னார்கள். ஆயினும் இக்கதையில் நாம் அதிகம் எண்ணிப் பாராத பகுதி ஒன்று உண்டு. மணி ஒலித்தபோது வாயிலுக்கு வந்தவன் மன்னனே. தன் நாட்டில் நேர்ந்த துயரத்துக்குத் தான் பொறுப்பு என்பதில் அவனுக்கு ஐயமே இருக்கவில்லை. மணியின் ஒரு முனையில் துயருற்ற உயிர். மறுமுனையில் பெயர் தெரிந்த ஒருவன்.

இன்று நம் கையில் உள்ள மணி மூன்று இலக்கங்களால் ஆனது. நெஞ்சு வலித்தாலும், வீடு தீப்பற்றினாலும், வெள்ளம் புகுந்தாலும் 999 என்று அழைக்கிறோம். அழைப்பு எங்கோ ஒரு கூடத்தில் ஒலிக்கிறது. அங்கிருந்து ஒரு கணினி வழியே வேறொரு துறைக்குச் செல்கிறது. அத்துறை ஓர் ஊர்தியை அனுப்புகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் வாயிலுக்கு வர வேண்டியவர் யார்? கோல சிலாங்கூர் முதல் உலு சிலாங்கூர் வரை பரந்து கிடந்த தோட்டங்களின் நூறாண்டு வரலாற்றில் இக்கேள்வி மூன்று முறை உருமாறியிருக்கிறது. அவ்வரலாற்றைக் கூறி, அதன் வழியே இன்றைய நிலையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

துரையின் வண்டியும் டிரெசரின் விளக்கும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிலாங்கூர்க் கடற்கரைச் சமவெளி ரப்பருக்காகத் திறக்கப்பட்டது. காடு அழிந்த இடத்தில் நீர் தேங்கியது. நீர் தேங்கிய இடத்தில் கொசு பெருகியது. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் வடிகால் வெட்டிச் சதுப்பை வற்றச் செய்து மலேரியாவைக் கட்டுப்படுத்தினார். அவ்வனுபவத்தை அவர் 1911-இல் நூலாகவும் வெளியிட்டார். அவருடைய முயற்சியால் எத்தனையோ தமிழ் உயிர்கள் காக்கப்பட்டன என்பதில் ஐயமில்லை. அதே வேளையில், தொழிலாளர் நோயுற்றால் தோட்டம் நட்டமடையும் என்ற கணக்கும் அக்காலத்து மருத்துவ அக்கறைக்குப் பின்னால் இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1912, 1923 ஆகிய ஆண்டுகளின் தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் தொழிலாளியின் மருத்துவத்தை முதலாளியின் கடமையாக்கின. தோட்டத்து மருத்துவமனை என்றும், சிறிய தோட்டமாயின் மருந்தகம் என்றும் ஓர் இடம் அமைந்தது. அங்கு டாக்டர் எப்போதும் இருப்பதில்லை. இருந்தவர் டிரெசர். காய்ச்சலுக்குக் கொயினா, வெட்டுக்காயத்துக்குத் தையல், பாம்புக்கடிக்குக் கட்டு என்று எல்லாம் அவர் கையில். நள்ளிரவில் லயத்தில் ஒரு பெண்ணுக்குப் பேறுகால வலி கண்டால் கணவன் மண்ணெண்ணெய் விளக்குடன் ஓடுவான். முதலில் கங்காணி வீடு. கங்காணி எழுந்து டிரெசர் வீட்டுக்கு. டிரெசரின் கையில் அடங்காத நிலை எனில் கிராணியிடம். கிராணி துரையின் பங்களாவுக்கு. தோட்டத்தில் தொலைபேசி இருந்தால் அது அலுவலகத்திலோ பங்களாவிலோதான் இருக்கும். லாரியோ மோட்டார் வண்டியோ புறப்பட வேண்டுமானால் துரை வாய்திறக்க வேண்டும்.

இந்த ஏற்பாட்டை நாம் போற்ற வேண்டியதில்லை. ஓர் உயிர் நான்கு கதவுகளைத் தட்டிய பிறகே வண்டியேற முடிந்தது. எந்தக் கதவும் திறக்காமல் போகலாம். திறந்தவர் ஏசி அனுப்பவும் கூடும். எனினும் இதில் மறைக்க முடியாத ஒன்று இருந்தது. வண்டி தரப்படாமல் ஒருவர் இறந்தால், மறுநாள் பிரட்டுக் களத்தில் நின்ற ஒவ்வொருவருக்கும் வண்டியைத் தராதவர் யார் என்று தெரியும். தட்டிக் கேட்கும் வலிமை மட்டுமே அவர்களுக்கு இல்லை.

அவ்வலிமையைத் தேடிய முயற்சியே 1941-ஆம் ஆண்டின் வேலைநிறுத்தம். கிள்ளான் வட்டாரத்தில் தொடங்கிச் சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய அப்போராட்டம் சம்பள உயர்வுக்காக மட்டும் எழுந்ததன்று. கோரிக்கைகளில் முறையான மருத்துவ வசதியும் இடம்பெற்றது. துரையின் எதிரே சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமையும் இடம்பெற்றது. இவ்விரண்டாவது கோரிக்கையை மானப் பிரச்சினை என்றே வரலாற்று நூல்கள் கூறும், அது சரியே. ஆனால் அவசரம் என்ற கண்ணோடும் அதைப் பார்க்கலாம். அந்நாளில் ஒரு தொழிலாளியிடம் இருந்த ஒரே ஊர்தி சைக்கிள். டிரெசரை அழைக்க விரைந்து செல்பவனும் துரை எதிர்ப்பட்டால் இறங்கி நின்றுதான் போக வேண்டும் என்றால், உயிரைவிட மரியாதை பெரிது என்றே பொருளாகும்.

போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். 1941 மே மாதத்தில் சிலாங்கூரில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. படைகள் இறங்கின, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. மருத்துவம் கேட்டவர்களுக்கு எதிராக அவசரகாலம் அறிவிக்கப்பட்ட இந்நிகழ்ச்சியில் ஒரு கசப்பான பாடம் உண்டு. அவசரம் என்ற சொல்லுக்கு ஆள்வோர் அகராதியில் ஒரு பொருள். ஆளப்படுவோர் அகராதியில் வேறொரு பொருள்.

தனியார் நிலத்தின் எல்லைக் கல்

போருக்குப் பின் 1948 முதல் 1960 வரை நீடித்த நெருக்கடிக் காலத்தில் ஊரடங்கு, முள்வேலி, சோதனைச் சாவடி ஆகியவை நாட்டுப்புற வாழ்வின் பகுதிகளாயின. 1957-இல் நாடு விடுதலை பெற்றது. புதிய அரசு கிராமப்புற மருத்துவத்தில் பெரிதும் அக்கறை காட்டியது. கம்பங்களில் மருத்துவ நிலையங்களும் தாய்சேய் நல விடுதிகளும் எழுந்தன. அது உலகம் மெச்சிய பணி.

ஆனால் அப்பணி தோட்டத்தின் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. தோட்டம் தனியார் நிலம். அங்கு வாழ்வோரின் குடிநீரும் மின்சாரமும் மருத்துவமும் தோட்ட நிறுவாகத்தின் கடமை என்பது அரசின் நிலைப்பாடு. 1965-இல் தோட்டத்து மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. 1966-இல் தொழிலாளர் குடியிருப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டமும், அதன் இடத்தில் 1990-இல் மேலும் விரிவான சட்டமும் வந்தன. இவை நல்ல சட்டங்களே. எனினும் இவற்றின் அடிப்படை பழைய அடிப்படைதான்: தோட்டத் தொழிலாளியின் உயிருக்கு முதல் பொறுப்பு முதலாளி, அரசு மேற்பார்வையாளர் மட்டுமே.

தோட்டம் என்ற ஒன்று இருக்கும்வரை இந்த அடிப்படை நின்றது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்கும் நோக்குடன் துன் சம்பந்தன் முயற்சியால் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. பின்னர் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்குப் பின் வீடமைப்புத் திட்டங்களும் நெடுஞ்சாலைகளும் வந்தன. தோட்டம் கைமாறியபோது மரங்களுக்கு விலை பேசப்பட்டது. நிலத்துக்கு விலை பேசப்பட்டது. டிரெசர் அறையின் மருந்து அலமாரி எந்த ஒப்பந்தத்திலும் இடம்பெறவில்லை. மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் வீடு கேட்டுப் பல்லாண்டு காத்திருந்த கதையை வட சிலாங்கூரில் அறியாதார் இலர். வீட்டுக்காகக் காத்திருந்த அந்த ஆண்டுகளில் அவர்களுள் நோயுற்றவர் யாரை அழைத்தார்? பழைய முதலாளி போய்விட்டார். புதிய முதலாளிக்கு அவர்கள் தொழிலாளர் அல்லர். எஞ்சியது அரசின் தொலைபேசி எண்.

ஒரு கடிதத்தில் பிறந்த எண்

அந்த எண்ணின் பிறப்பே அரசியல் பொறுப்பைப் பற்றிய கதைதான். 1935 நவம்பர் 10-ஆம் நாள் இலண்டன் மாநகரின் விம்போல் தெருவில் ஒரு வீடு தீப்பற்றியது. ஐந்து பெண்கள் மாண்டனர். தீயைக் கண்ட அண்டை வீட்டார் தொலைபேசியில் தீயணைப்பு நிலையத்தை அழைக்க முயன்றார். இணைப்பகத்தில் அவருடைய அழைப்பு பிற அழைப்புகளோடு வரிசையில் காத்துக் கிடந்தது. அவர் மனம் கொதித்து டைம்ஸ் நாளிதழுக்குக் கடிதம் எழுதினார். அரசு விசாரணை நடந்தது. அவசர அழைப்பு பிற அழைப்புகளின் பின்னே நிற்கலாகாது, அதற்கெனத் தனி எண் வேண்டும் என்ற முடிவு பிறந்தது. 1937 ஜூன் 30-ஆம் நாள் இலண்டனில் 999 நடைமுறைக்கு வந்தது. உலகில் இவ்வகையில் அதுவே முதலாவது.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை முறை. முதலில் மரணம், பின் ஒரு குடிமகனின் சினம், பின் அரசு விசாரணை, பின் தொழில்நுட்பம். இரண்டே ஆண்டுகளுக்குள் இவ்வளவும் நடந்தன. கருவி, விசாரணையின் விடையாக வந்தது. நாம் அந்த எண்ணைப் பிரிட்டனிடமிருந்து பெற்றுக்கொண்டோம். அதனோடு பிறந்த கேள்வி கேட்கும் வழக்கத்தையும் பெற்றோமா என்பதே ஐயம்.

2007-இல் நிகழ்ந்த இரு மாற்றங்கள்

மலேசியாவில் நெடுங்காலம் காவல்துறைக்கும் அம்புலன்ஸுக்கும் 999, தீயணைப்புக்கு 994, பொதுத் தற்காப்புப் படைக்கு 991 எனத் தனித்தனி எண்கள் வழங்கின. பதற்றத்தில் இருப்பவன் எந்த எண் எதற்கு என்று எண்ணிப் பார்க்க இயலாது. இக்குறையை நீக்க 2007 முதல் எல்லாவற்றுக்கும் 999 என்ற ஒரே எண் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. டெலிகோம் மலேசியாவின் அழைப்பு மையம் முதலில் அழைப்பை ஏற்கும். நிகழ்ச்சியின் தன்மையைக் கேட்டறிந்து உரிய துறைக்கு மாற்றும். அத்துறை தன் ஊர்தியை அனுப்பும். நல்ல திட்டம். அதுவரை மக்கள் தலையில் இருந்த சுமையை அது கருவியின் தலைக்கு மாற்றியது.

அதே 2007-ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில் மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. பத்தாங் பெர்ஜுந்தை என்று தலைமுறைகளாக வழங்கிய ஊர் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. இரு மாற்றங்களுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அவசரத்தில் தொலைபேசியை எடுக்கும் முதியவருக்கு இரண்டும் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. அவர் வாயில் வருவது பழைய பெயர். அதிலும் அவர் ஊர்ப்பெயரைச் சொல்வதுகூட அரிது. தோட்டத் தமிழர் தம் இடங்களுக்குத் தாமே பெயரிட்டு வாழ்ந்தவர்கள். மாரியம்மன் கோயில் மேடு, பழைய ஸ்டோர், நாலாம் கட்டை, இரண்டாவது லயம் என்பனவே அவர்களின் முகவரி. டிரெசருக்கு இவை போதும். நூறு கல் தொலைவில் திரையின் முன் அமர்ந்திருக்கும் இளைஞருக்கு இவற்றால் ஒன்றும் விளங்காது.

இங்கே என் அனுபவம் ஒன்றைச் சொல்ல விடை வேண்டுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், பழைய தோட்டக் குடியிருப்பு ஒன்றில் என் உறவினர் ஒருவர் இரவில் மயங்கி விழுந்தார். அவர் மனைவி அவசர எண்ணை அழைத்தார். தமக்குத் தெரிந்த மலாயில் இடத்தைச் சொன்னார். அதே பெயரில் வேறிடத்தில் ஒரு சாலை உண்டு. வண்டி அங்கே போய்த் தேடியது. இரண்டாம் முறை அழைத்தபோது, வேறொருவர் முதலிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் அண்டை வீட்டுப் பையன் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். உறவினர் பிழைத்துக்கொண்டார். அந்த அம்மாள் எவர் மீதும் குறை சொல்லவில்லை. "நான்தான் சரியா சொல்லலை போல" என்றார். அவ்வொரு வாக்கியம் என்னை இன்றளவும் உறுத்துகிறது. 1941-இல் அவருடைய பாட்டனுக்குக் குற்றவாளி யார் என்று தெரிந்திருந்தது. பேத்தியோ குற்றத்தைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார். ஏனெனில் குற்றஞ்சாட்ட அவர் கண்முன் எவருமே இல்லை.

இலண்டன் தந்த பாடம்

கருவி தவறும்போது பொறுப்பு எவ்வாறு தேடப்பட வேண்டும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சி 1992-ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்தது. அதுவரை அந்நகரத்து அம்புலன்ஸ் சேவையில் அழைப்பு வந்தவுடன் ஒருவர் தாளில் எழுதுவார். தாள் நகரும் பட்டையில் சென்று, வண்டிகளை அனுப்பும் அலுவலரை அடையும். அக்டோபர் 26-ஆம் நாள் தாளுக்குப் பதிலாகக் கணினி வந்தது. எந்த வண்டி எங்கே உள்ளது என்று தானே அறிந்து, அருகிலுள்ளதைத் தானே அனுப்புவது அதன் பணி.

வண்டிகள் இருக்கும் இடம் பற்றிய செய்திகள் பிழைபடத் தொடங்கின. கணினி தன் வண்டிகளைத் தானே தொலைத்தது. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. மற்றோரிடத்துக்கு ஒன்றும் போகவில்லை. காத்திருந்தோர் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அவ்வழைப்புகள் புதிய அழைப்புகளை அடைத்தன. எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து, முக்கியமானவை திரையின் மேற்புறம் நழுவி மறைந்தன. மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினர். நவம்பர் 4-ஆம் நாள் விடியற்காலையில் முழு அமைப்பும் நின்றது. நிரலாளர் ஒருவர் நீக்க மறந்த சிறு நிரல் துண்டு கணினியின் நினைவகத்தைச் சிறிது சிறிதாகத் தின்று தீர்த்ததே அதற்குக் காரணம் எனப் பின்னர் கண்டறியப்பட்டது.

அதன்பின் நடந்ததே நமக்குப் பாடம். சேவையின் தலைமை நிர்வாகி ஜான் வில்பி அக்டோபர் 28-ஆம் நாளே பதவி விலகினார். சுகாதார அமைச்சர் வர்ஜீனியா பாட்டம்லி நாடாளுமன்றத்தில் எழுந்து பதில் சொன்னார். வெளி விசாரணை அறிவிக்கப்பட்டது. 1993 பிப்ரவரியில் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட்டது. நிரல் துண்டை மறந்தவரை மட்டும் அவ்வறிக்கை பலியிடவில்லை. முற்றுப்பெறாத, முழுமையாகச் சோதிக்கப்படாத அமைப்பை நடைமுறைக்குக் கொண்டுவந்தது ஏன், நிறைவேற்ற முடியாத கால அட்டவணையை விதித்தது யார், மலிவான விலைக்கு முதலிடம் தந்தது எவ்வாறு, பணியாளரின் நம்பிக்கையைப் பெறாமல் அவர்கள் மீது கருவியைச் சுமத்தியது சரியா என்றெல்லாம் ஆராய்ந்தது. அவ்வறிக்கை உலகெங்கும் கணினித் துறை மாணவர்களுக்குப் பாடமாயிற்று. 1996-இல் புதிய அமைப்பு அங்கே வந்தபோது அவசரப்படாமல் படிப்படியாகக் கொண்டுவந்தனர்.

தனியார் கையில் இத்தகைய பணி இருக்கும்போது கேள்வி மேலும் கூர்மையடைகிறது. தமிழ்நாட்டில் 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 இலவச அம்புலன்ஸ் சேவை எண்ணற்ற ஏழைகளுக்கு உயிர்கொடுத்தது. ஆனால் அதை நடத்திய அமைப்பைத் தோற்றுவித்தவர் சத்தியம் நிறுவனத்தின் இராமலிங்க ராஜு. 2009 ஜனவரியில் தம் நிறுவனக் கணக்கில் மோசடி நடந்ததாக அவரே ஒப்புக்கொண்டார். வேறொரு குழுமம் அமைப்பை ஏற்றதால் வண்டிகள் நிற்கவில்லை. எனினும் மக்களின் உயிர்நாடி ஒரு தனி மனிதரின் கணக்குப் புத்தகத்தோடு கட்டப்பட்டிருந்த உண்மை அன்று வெளிப்பட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 நவம்பர் 8-ஆம் நாள் ஆப்டஸ் தொலைபேசி நிறுவனத்தின் இணைப்பு நாடு முழுதும் அறுந்தது. ஈராயிரத்துக்கும் மேற்பட்டோர் அவசர எண்ணை அடைய முடியவில்லை. நிறுவனத்தின் தலைவர் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன் நிறுத்தப்பட்டார். சில நாள்களில் பதவி விலகினார். அடுத்த ஆண்டு ஒரு கோடியே இருபது இலட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது. தண்டத்தால் கருவி திருந்திவிடாது என்பது உண்மை. அதே நிறுவனத்தில் 2025 செப்டம்பரில் மீண்டும் அவசர அழைப்புகள் அறுந்தன. ஆயினும் யாரைக் கேட்பது என்று மக்கள் திகைக்கும் நிலை அங்கில்லை.

ஐந்து அமைச்சுகளுக்கு நடுவே ஓர் உயிர்

நம் நாட்டு நிலைக்கு வருவோம். 2021 டிசம்பர் வெள்ளத்தின்போது சிலாங்கூர் மக்கள் கூரைமேல் ஏறி நின்று உதவி கேட்டனர். பலர் தம் இருப்பிடத்தைக் கைப்பேசிக் குழுக்களில் பரப்பினர். படகோடு வந்த தன்னார்வலர் எத்தனையோ பேரை மீட்டனர். பிரதமர் இஸ்மாயில் சப்ரி குறைபாடுகள் இருந்ததை ஒப்புக்கொண்டார். 2022 டிசம்பர் 16 அதிகாலையில் உலு சிலாங்கூரின் பத்தாங் காலி அருகே கூடார முகாம் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டனர். அழைப்பு வந்தது, மீட்புப் படையும் விரைந்தது. அம்முகாம் உரிமமின்றி நடந்தது என்பது அதன் பிறகே வெளிவந்தது. எவ்வளவு விரைவான வண்டியும், முன்னரே செய்யப்படாத கடமைக்கு ஈடாகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

2025 நவம்பரில் பதினெட்டாண்டுப் பழைமையுடைய அமைப்பின் இடத்தில் புதிய தலைமுறை 999 அமைப்பு வந்தது. வந்த சில நாள்களிலேயே அழைப்பும் வண்டியும் தாமதப்படுவதாகப் புகார்கள் எழுந்தன. எந்தப் புதிய அமைப்பிலும் தொடக்கத் தடுமாற்றம் இருக்கும் என்பார்கள். இருக்கலாம். ஆனால் 1992-க்குப் பின் அதை ஒரு விடையாக ஏற்க உலகில் எவருக்கும் உரிமை இல்லை.

இங்கு நம் நாட்டு அமைப்பின் உண்மையான சிக்கலை நோக்க வேண்டும். அழைப்பை ஏற்கும் அமைப்பு தொடர்புத்துறை அமைச்சின் கீழ். அம்புலன்ஸ் சுகாதார அமைச்சின் கீழ். தீயணைப்புப் படை வீடமைப்பு, ஊராட்சி அமைச்சின் கீழ். காவல்துறை உள்துறை அமைச்சின் கீழ். பொதுத் தற்காப்புப் படை பிரதமர் துறையின் கீழ். ஓர் அழைப்பு தாமதமானால், அழைப்பை உரிய நேரத்தில் மாற்றினோம் என்று ஒருவர் கூறலாம். எங்களுக்கு வந்தவுடன் அனுப்பினோம் என்று மற்றவர் கூறலாம். இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். இடையில் போன உயிருக்குக் கணக்கு எந்த ஏட்டிலும் ஏறாது. பழைய தோட்டத்தில் நான்கு கதவுகள் இருந்தன. இன்று ஐந்து அமைச்சுகள் இருக்கின்றன. கதவுகளைத் தட்டும் வேலையைக் கணினி செய்கிறது என்பதே வேறுபாடு.

கோல சிலாங்கூர் வாக்காளருக்கு இதில் தனி உரிமையும் தனிக் கடமையும் உண்டு. 2022 பொதுத் தேர்தலில் அவர்கள் தேர்ந்தெடுத்த டாக்டர் சுல்கிப்ளி அமாட் 2023 டிசம்பரில் நாட்டின் சுகாதார அமைச்சரானார். 2018-லும் அப்பொறுப்பை ஏற்றவர் அவர். அம்புலன்ஸுக்குப் பொறுப்பான அமைச்சரை ஊர்க் கூட்டத்தில் நேரில் கண்டு கேட்கக்கூடிய வாய்ப்பு நாட்டின் வேறெந்தத் தொகுதிக்கும் இல்லாத ஒன்று. இது ஒரு மனிதரைக் குறைகூறும் பேச்சன்று; எந்தக் கட்சியினர் அமர்ந்தாலும் அந்நாற்காலிக்குரிய கடமை அது. கேட்காத வாக்காளனுக்குப் பதில் சொல்ல எந்த அமைச்சருக்கும் நேரம் இருக்காது.

கேட்க வேண்டியவை மூன்று

முதலாவது, கணக்கு. தஞ்சோங் காராங், கோல குபு பாரு, சுங்கை பூலோ ஆகிய மருத்துவமனைகளிலிருந்து வண்டி புறப்பட்டு ஒவ்வொரு வட்டாரத்தையும் அடைய எவ்வளவு நேரமாயிற்று என்பது மாவட்ட வாரியாக, ஆண்டுதோறும் வெளியிடப்பட வேண்டும். நாடு முழுதுக்குமான சராசரி நகரத்தின் விரைவைக் காட்டித் தோட்டப் புறத்தின் தாமதத்தை மறைத்துவிடும். அழைப்பு எடுக்கப்பட்டது முதல் வண்டி வாசலில் நின்றது வரையிலான முழு நேரத்தையும் ஒரே கணக்காகக் கொள்ள வேண்டும். அவ்வாறு கொண்டால்தான் எந்த அமைச்சும் தன் பகுதியை மட்டும் காட்டித் தப்ப முடியாது.

இரண்டாவது, பெயர். ஒவ்வோர் அழைப்புக்கும் தொடக்கம் முதல் முடிவு வரை பொறுப்பேற்கும் ஒரே அதிகாரி வேண்டும். பெருந்தவறு நேர்ந்தால் துறைக்குள்ளேயே விசாரித்து முடித்துவிடாமல், வெளியார் விசாரித்து, அறிக்கையை நாடாளுமன்றத்தில் வைக்க வேண்டும். பழி தேடுவதைவிடப் பிழை தேடுவதே அவ்விசாரணையின் நோக்கமாக இருத்தல் வேண்டும். இலண்டன் அறிக்கை அதைச் செய்தபடியால்தான் பயன் தந்தது.

மூன்றாவது, இடம். பழைய தோட்டக் குடியிருப்புகளின் வழக்குப் பெயர்கள், கோயில்கள், செம்பனைக்குள் செல்லும் செம்மண் பாதைகள், மழைக்காலத்தில் மூடும் சாலைகள் ஆகியவை அவசர அமைப்பின் வரைபடத்தில் ஏற வேண்டும். இதை அரசு தனியே செய்ய இயலாது. அந்தப் பெயர்கள் இன்று எழுபதைக் கடந்தவர்களின் நினைவில் மட்டுமே உள்ளன. ஆலய நிர்வாகங்களும் இளைஞர் மன்றங்களும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கங்களும் அவற்றைத் தொகுத்து மாவட்ட அலுவலகத்தில் ஒப்படைக்கலாம். 999-க்கு வரும் அழைப்புகளில் பெரும்பகுதி விளையாட்டு அழைப்புகளும் வீண் அழைப்புகளுமே என்று அதிகாரிகள் பல்லாண்டுகளாகக் கூறி வருகின்றனர். நம் பிள்ளைகளைத் திருத்தும் கடமை நம்முடையது. கேட்கும் உரிமை, செய்யும் கடமையோடு சேர்ந்தால்தான் வலிமை பெறும்.

நூறாண்டுகளில் இப்பகுதித் தமிழரின் அவசரம் முதலாளியின் கையிலிருந்து அரசின் கைக்கும், அரசின் கையிலிருந்து கருவியின் கைக்கும் மாறியிருக்கிறது. முதல் நிலையில் பொறுப்பாளர் தெரிந்தார், நீதி கிடைக்கவில்லை. இன்று நீதி கேட்க வாக்குச்சீட்டும் நாடாளுமன்றமும் உண்டு, பொறுப்பாளர்தான் தெரியவில்லை. இவ்விரண்டையும் ஒன்று சேர்ப்பது இத்தலைமுறையின் வேலை. அன்றிரவு அந்த அம்மாள் சொன்ன சொல்லை அவருடைய மகள் சொல்லக்கூடாது. இடத்தை அவர் சரியாகத்தான் சொன்னார். அவ்விடத்தை அறிந்திருக்க வேண்டியது மறுமுனையில் இருந்தவர்களின் கடமை.